விளக்குப் போட்ட வக்கீல்

அத்தியாயம் 5

பெவர்லி ஹேக் மடியில் ஒரு கெட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மற்ற சாமான் எல்லாம் கீழே தெருவில், வாடகை லாரிக்குள் இருந்தது. லாரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு, காலைத் தூக்கி ஜன்னலில் போட்டுக்கொண்டு, வறுத்த மீனும் சிப்ஸும் தின்றுகொண்டிருந்தான்.

இங்கிலாந்துக் கடற்கரை ஊரான மோர்கமில் வெள்ளிக்கிழமை வீடு மாறுகிற நாள். தெருவுக்கு ஒரு லாரி நிற்கும். கெட்டிலைக் கடைசியாக ஏற்றுவார்கள், முதலில் இறக்குவார்கள். புது வீட்டில் முதல் வேலை டீ. மத்தியானத்துக்குள் வீட்டுத் தரகுக் கடையில் சாவி தந்துவிடுவார்கள். பெவர்லிக்குத் தரவில்லை.

"எனக்கு இப்போ அந்த லாரிதான் வீடு," என்றாள் அவள். "வாடகை வீட்டுச் சாவியைக் காலையிலேயே குடுத்துட்டேன்."

ஹெஸ்டர் கிளெக் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தாள். குதிரைப் பந்தயக் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய துப்பறியும் ஆபீஸ். போலீஸில் இரவுப் பணியாகவே பார்த்து, ஒரு விடியற்காலை தொப்பியை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தவள். அதற்குப் பிறகும் அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. மனிதர்கள்மேல் நல்ல அபிப்பிராயமும் வரவில்லை.

"முதல்லேருந்து சொல்லுங்க."

"என் வீட்டுக்காரர் போனப்புறம் மாடிப்படி என் முட்டிக்கு ஆகலை. வீட்டை வித்துட்டேன். சாண்ட்பைப்பர் சந்துல மாடி இல்லாத சின்ன வீடு ஒண்ணு பார்த்தேன். ஒப்பந்தம் போட்டாச்சு, முன்பணம் குடுத்தாச்சு. பாக்கி முழுக்க நேத்து என் வக்கீல் கணக்குக்கு அனுப்பிட்டேன். அவர் இன்னிக்குக் காலையில விக்கிறவங்களோட வக்கீலுக்கு அனுப்பணும். அவங்க 'வந்துச்சு'ன்னு சொன்னாத்தான் சாவி. வரலைங்கறாங்க. என் வக்கீல் போன் எடுக்கலை."

"வக்கீல் பேரு?"

"பெம்பர்டன்."

"இன்னிக்கு முடியலைன்னா?"

"முன்பணம் போச்சு, வீடும் போச்சு. மிச்சப் பணம் அந்த ஆள்கிட்ட இருக்கு. அந்த ஆள் எங்க இருக்கான்னு தெரியலை. என் ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்துல சாப்பாடு போட்டது, என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டினது, எல்லாம் அதுலதான் இருக்கு."

அவள் அழவில்லை. ஹெஸ்டருக்கு அது பிடித்திருந்தது.

"பெம்பர்டனைத் தரகுக் கடையில சொன்னாங்களா?"

பெவர்லி நிமிர்ந்தாள். "நான் அவ்வளவு மட்டின்னு நெனச்சீங்களா? அங்க இருக்கற பொண்ணு ஒரு வக்கீல் கம்பெனி பேரைச் சொல்லிட்டே இருந்துச்சு. அனுப்பி வெச்சா அவங்களுக்குக் கமிஷன். ஊருக்கே தெரியும். வேணாம்னுட்டேன். நானே நாலு இடத்துல விசாரிச்சேன். ஒருத்தனும் திரும்பக் கூப்பிடலை. அப்பதான் போஸ்ட் ஆபீஸ் வரிசையில ஒருத்தர், அவரும் வக்கீல்களால வெந்து போனவர், கடைசியில பெம்பர்டன் கிடைச்சு வீடு முடிஞ்சுதுன்னார். பேரு பதிவுப் பட்டியல்ல இருக்கான்னு பார்த்தேன். இருந்துச்சு."

"வரிசையில நின்ன முகம் தெரியாத ஆள் சொன்னதை வெச்சா?"

"சேர்ந்து புலம்பினவரை எப்படிக் கண்ணு சந்தேகப்படறது?"

மூலையில் பிஸ்கட் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்த வின்ஸ் ஓல்டம் தலையை ஆட்டினான். "அது சரி. இந்த நாட்டுல அதுதான் ரத்த சொந்தம்."

வின்ஸ் ஒரு காலத்தில் கடற்கரை விடுதிகளில் ஜோக் சொல்லிப் பிழைத்தவன். விடுதிகள் மூடிவிட்டன. ஜோக்குகள் மிச்சம். அவற்றை ஹெஸ்டர் சம்பளம் கொடுத்துச் சகித்துக்கொண்டிருந்தாள்.

"பெம்பர்டன் ஆள் எப்படி?" என்றாள் ஹெஸ்டர்.

"தங்கம். எப்போ போன் பண்ணாலும் முதல் மணியிலேயே எடுப்பார்."

ஹெஸ்டரின் பேனா நின்றது. வின்ஸின் வாயில் பிஸ்கட்டும் நின்றது.

"அவரேவா?"

"அவரேதான்."

"பாட்டுப் போட்டுக் காக்க வைக்காம? 'உங்க பைலை வேற ஒருத்தர் பார்க்கறாங்க, அவங்க லீவு'ன்னு சொல்லாம?"

"ஒரு நாளும் இல்லை. ஞாயித்துக்கிழமை கூடப் பேசுவார். எனக்குப் புரியலைன்னா ரெண்டு தடவை சொல்லுவார்."

"தலைவி, இவனை உடனே பிடிக்கணும்," என்றான் வின்ஸ். "இவன் வக்கீல் இல்லைங்கறதுக்கு வேற சாட்சி வேணாம்."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஹெஸ்டர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

*

பெம்பர்டனின் ஆபீஸ் அடுத்த தெருவில், நூல்கண்டுக் கடைக்கு மேலே. கதவோரம் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. ஹெஸ்டர் அதன் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். பலகை அப்படியே கையோடு வந்துவிட்டது. பின்பக்கம் ஒட்டுநாடா.

"ஆணி அடிச்சா சுவர் வலிக்கும்னு பார்த்திருக்கான்," என்றான் வின்ஸ். "இளகின மனசு."

மேலே அறை நிறையப் பெண்கள். நடுவில் ஒரு எடை மெஷின். உடம்பு எடையைக் குறைக்கிற சங்கம். கழுத்தில் விசில் மாட்டியிருந்த சங்கத் தலைவி ஹெஸ்டரை மேலும் கீழும் பார்த்து, "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க கண்ணு," என்றாள்.

"இங்க பெம்பர்டன்னு ஒரு வக்கீல் இருந்தாரே."

"வெள்ளிக்கிழமை நாங்கதான். ரூமை மணிக்கணக்குல விடறாங்க. வக்கீலை நான் பார்த்ததே இல்லை."

படியிறங்கும்போது வின்ஸால் சும்மா இருக்க முடியவில்லை. "நல்ல ரூம்தான். வர்றவங்களுக்கெல்லாம் ஏதாவது ஒண்ணு குறையுது. சிலருக்குத் தொப்பை, சிலருக்கு வீடு."

பெவர்லி காதில் அது விழுந்தது. கெட்டிலின் கைப்பிடியை அவள் இன்னும் இறுக்கினாள். ஹெஸ்டர் வின்ஸைப் பார்த்த பார்வையில் அவன் படியின் கைப்பிடியில் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தான்.

தெருவில் நின்று ஹெஸ்டர் தன் போனை எடுத்தாள்.

"உங்க பேங்குக்குப் போடறேன். மோசடின்னு சொல்லுங்க. பணம் எந்தக் கணக்குல கிடக்கோ அதைத் தேடிப் போய்ப் பூட்டு போடுவாங்க."

"அதைச் சொன்னா இன்னிக்கு வீடு கிடைக்குமா?" என்றாள் பெவர்லி.

"சொல்லலைன்னா பணமும் கிடைக்காது."

வின்ஸ் தொண்டையைக் கனைத்தான். "ஆளை ஒரு தடவை பார்த்துட்டுப் போடலாமே தலைவி. ஒருவேளை பல்லு வலின்னு எங்கயாவது படுத்துக் கிடந்தான்னா?"

"ஒட்டுநாடா வக்கீலுக்குப் பல்லு வலியா? பணத்தை முதல்ல கட்டிப்போடணும். ஆளை அப்புறம் பிடிக்கலாம். நான் பார்த்த கேஸ்ல முதல்ல ஆளைத் தேடினவங்க எல்லாருக்கும் ஆள் கிடைச்சான், காலிப் பாக்கெட்டோட."

அவள் எண்களை அழுத்தி, போனைப் பெவர்லியின் காதில் வைத்தாள். பெவர்லி கெட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேர், பிறந்த தேதி, அம்மாவின் பிறந்த வீட்டுப் பேர் எல்லாவற்றையும் பள்ளிப் பிள்ளை போல ஒப்பித்தாள். மோசடி என்ற வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொன்னாள். தன் தப்பைச் சொல்லுவது போல வெட்கமாகச் சொன்னாள்.

*

"அவன் ஆபீஸுக்கு வெளியில உங்களை எப்பவாவது பார்த்தானா?" லாரியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு கேட்டாள் ஹெஸ்டர்.

"வீட்டைப் பார்க்கக் கூடவே வந்தாரே."

"எந்த வீட்டை?"

"நான் வாங்கற வீட்டை. ஒப்பந்தம் போடறதுக்கு முன்னாடி கண்ணால ஒரு தடவை பார்த்துடலாம்னார்."

ஹெஸ்டர் நிமிர்ந்தாள். வீடு வாங்கித் தரும் வக்கீல் அந்த வீட்டைப் பார்த்ததாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவர்களுக்கு வீடு என்பது ஒரு வரைபடத்தில் சிவப்புக் கோடு. வீடு கடலுக்குள் போய்விட்டாலும் கோடு சரியாக இருந்தால் போதும்.

"உள்ள போய் என்ன பண்ணினான்? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

"என்ன பண்ணுவார். விளக்கைப் போட்டார்."

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

"பட்டப்பகல். நல்ல வெயில் வேற. அவர் பாட்டுக்கு ஒவ்வொரு ரூமா விளக்கைப் போட்டுக்கிட்டே போனார். கக்கூஸ் மூடியை இறக்கி வெச்சார். உள்கதவு எல்லாத்தையும் திறந்து விட்டார்."

"அப்புறம்?"

"ரொம்ப மரியாதை. எந்த ரூமுக்கும் அவர் முதல்ல போகலை. 'நீங்க முதல்ல போங்க'ன்னு வாசல்ல ஒதுங்கி நின்னுக்குவார். பின் ரூம் ரொம்பச் சின்னதா இருக்கேன்னேன். கொஞ்சம் யோசிச்சா இரட்டைக் கட்டில் போடலாம்னார்."

வின்ஸ் மெதுவாக விசிலடித்தான். ஹெஸ்டர் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவை.

"என்ன?" என்றாள் பெவர்லி.

"சின்ன ரூம்ல ரெண்டு பேர் நின்னா இன்னும் சின்னதாத் தெரியும். அதனால வாங்க வந்தவங்களை முதல்ல உள்ள விட்டுட்டு, காட்டறவன் வெளியில நிப்பான். விளக்கைப் போட்டா சுவர்ல ஈரம் தெரியாது. மூடியை இறக்கினா அது கக்கூஸ் மாதிரித் தெரியாது. வீட்டை வாங்கித் தர்றவன் எவனும் இப்படிச் செய்ய மாட்டான். விக்கிறவன்தான் செய்வான்."

"அவன் வக்கீல் இல்லை," என்றான் வின்ஸ். "தரகன். வேஷம் போட்டான், ஆனா கை மறக்கலை."

*

சாண்ட்பைப்பர் சந்து வீட்டை விற்கிற தரகுக் கடை கடிகார கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே ஜெம்மா என்ற பெண் ஒருத்திதான் இருந்தாள். இரண்டு காதிலும் இரண்டு போன். பெவர்லியைப் பார்த்ததும் முகத்தைச் சோகமாக மாற்றிக்கொண்டாள். அதற்கும் பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

"இன்னும் வரலை கண்ணு. நான் விக்கிறவங்க வக்கீல் ஆபீஸுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். எடுக்கறாங்க, கேட்டுட்டுச் சொல்றோம்னு வெச்சிடறாங்க."

"உங்க தொழில்ல ஒருத்தரைத் தேடறேன்," என்றாள் ஹெஸ்டர். "பகல்ல விளக்குப் போடுவார்."

"நாங்க எல்லாரும் போடுவோம்."

"கக்கூஸ் மூடி?"

"அதுவும்தான்."

"'கொஞ்சம் யோசிச்சா இரட்டைக் கட்டில் போடலாம்.'"

ஜெம்மாவின் முகம் தானாகவே மலர்ந்தது. "ஐயோ, அது கிளைவ் சொல்றது. கிளைவ் சட்டன். எனக்குத் தொழில் கத்துக் குடுத்தவர். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அவர்தான் வாத்தியார். இந்தக் கடையே அவரோடதுதான், எங்க கம்பெனி வாங்கறதுக்கு முன்னாடி."

"வெள்ளை மீசை, காலை லேசா இழுத்து நடப்பார்," என்றாள் பெவர்லி மெல்ல.

"அவரேதான். உங்களுக்குத் தெரியுமா?"

"கடை ஏன் போச்சு?" என்றாள் ஹெஸ்டர்.

"வித்த வீடெல்லாம் முடியாம நின்னுச்சு. ஒருத்தர் விக்கறது இன்னொருத்தர் வாங்கறதோட கோத்து இருக்குமில்ல, நடுவுல ஒரு வக்கீல் தூங்கினா சங்கிலியே அறுந்துடும். அந்த வருஷம் எல்லாமே அறுந்துச்சு. வக்கீல் ஆபீஸ் வாசல்ல போய் நின்னு கத்தினார்னு கூடச் சொல்லுவாங்க. பாவம். இப்போ கடற்கரையில, பழைய ஹோட்டலை வயசானவங்க குடியிருப்பா மாத்தறாங்களே, அங்க பார்வைக்குன்னு வெச்சிருக்கற மாதிரி வீட்டைச் சுத்திக் காட்டறார். சின்னப் பையன் ஒருத்தனுக்குக் கீழ வேலை."

ஹெஸ்டர் பெவர்லியை அங்கேயே இருக்கச் சொன்னாள். ஜெம்மா அவளுக்கு நாற்காலி போட்டாள். கெட்டிலை வாங்கிப் பக்கத்தில் வைக்கவும் கை நீட்டினாள். பெவர்லி தரவில்லை.

*

அந்தப் பழைய ஹோட்டலின் சுவர்கள் கோட்டைச் சுவர் போலத் தடிமன். மாதிரி வீடு கீழ்த்தளத்தில், நடைபாதை மட்டத்துக்கும் கீழே. வின்ஸ் போனை ஆட்டிப் பார்த்தான். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

கதவைத் திறந்த மனிதர் வெள்ளை மீசை வைத்திருந்தார். மார்பில் கம்பெனிப் பட்டை. அதில் 'நான் கிளைவ்' என்று பேர்.

"வாங்க வாங்க. அம்மாவுக்குப் பார்க்கறீங்களா, அப்பாவுக்கா?"

"எங்களுக்கேதான்," என்றான் வின்ஸ். "இவங்க வேகமா வயசாகறாங்க."

கிளைவ் சட்டன் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். கை தானாக நீண்டது. கூடத்து விளக்கு. சமையலறை விளக்கு. போகிற போக்கில் குளியலறைக்குள் எட்டி, எதையோ 'டக்'கென்று மூடினார். படுக்கையறை வாசலில் சட்டென்று ஒதுங்கி நின்றார்.

"நீங்க முதல்ல போங்க."

ஹெஸ்டர் நகரவில்லை. "பின் ரூம்ல இரட்டைக் கட்டில் போடலாமா, மிஸ்டர் பெம்பர்டன்?"

எங்கேயோ ஒரு மெஷின் 'புஸ்' என்று ரொட்டி வாசனையைத் தெளித்தது. சுவரில் இருந்த டீவி அட்டை. தட்டில் இருந்த எலுமிச்சம்பழம் மெழுகு. அந்த வீட்டில் நிஜமாக இருந்தது அந்தக் கிழவரின் முகம் மட்டும்தான். அது சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

"பெவர்லி அனுப்பினாங்களா?" என்றார். "சாவி வாங்கிட்டாங்களா?"

"நல்லா நடிக்கறீங்க. பணம் எங்க?"

"எந்தப் பணம்?"

"அந்தம்மா வீட்டுப் பணம்."

"அனுப்பிட்டேனே." அவர் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காலையில இங்க வர்றதுக்கு முன்னாடியே, பேங்க் திறந்ததும் முதல் வேலையா அனுப்பிட்டேன். விக்கிறவங்க வக்கீல் கணக்குல இந்நேரம் தூங்கிக்கிட்டிருக்கும்."

"அங்க வரலைங்கறாங்க."

"பார்த்துட்டா சொல்றாங்க? வெள்ளிக்கிழமை அங்க யாராவது ஒருத்தர் வேலையை விட்டுப் போவாங்க. கேக் வெட்டுவாங்க. பணம் பார்க்கற அம்மா கேக் தின்னு முடிச்சு, அட்டையில கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டு வந்துதான் மெஷினைத் திறப்பாங்க. முப்பது வருஷமா அந்த ஆபீஸ்களுக்குப் போன் போட்டுப் போட்டு என் காது தேஞ்சிருக்கு. எனக்குத் தெரியாதா?"

வின்ஸ் ஹெஸ்டரைப் பார்த்தான். ஹெஸ்டர் அவனைப் பார்க்கவில்லை.

"காலையிலேருந்து ஏன் போன் எடுக்கலை?"

"வெள்ளிக்கிழமை மட்டும்தான் இங்க வேலை, மத்த நாள்ல போன் கையிலயேதான் இருக்கும். இங்க கோடு வராது. வந்தாலும் வேலை நேரத்துல போனை வாங்கி டப்பாவுல போட்டுடறான் அந்தப் பையன். இன்னிக்கு லீவு கேட்டிருந்தேன், நேத்து ராத்திரி மாட்டேன்னுட்டான். அதனாலதான் காலையிலேயே அனுப்பிட்டு வந்தேன்."

"அந்த ரூம்?"

"செவ்வாய், வியாழன் மட்டும்தான் எனக்கு. முழு வாரத்துக்கு வாடகை குடுக்க எங்க போறது?"

"போஸ்ட் ஆபீஸ் வரிசையில நின்ன உங்க ஆள்?"

"எந்த ஆள்?" அவர் யோசித்தார். "வளந்த மனுஷன், மூக்குக் கண்ணாடியா? அவருக்கும் நான்தான் முடிச்சுக் குடுத்தேன். சந்தோஷமா இருக்கார். வாசல்ல ரோஜா வெச்சிருக்கார்."

"எத்தனை பேருக்கு இப்படி?"

"கொஞ்சம் பேருக்கு. எல்லாரும் அவங்கவங்க வீட்டுல இருக்காங்க." அவர் மெழுகு எலுமிச்சையை எடுத்துக் கையில் உருட்டினார். "பெம்பர்டன் என் சிநேகிதன். நிஜ வக்கீல். இப்போ முதியோர் இல்லத்துல இருக்கான், என்னையே யாருன்னு கேக்கறான். புத்தி தெளிவா இருந்த நாள்ல, என் பேரை நீ வெச்சுக்கோடா, நீ என்னைவிட நல்லா செய்வேன்னான். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான். நான் சிரிக்கலை. அவன் பதிவு விட்டுப் போகாம வருஷா வருஷம் நான்தான் பார்த்துக்கறேன்."

"அதுக்குப் பேரு குற்றம்."

"குற்றம்தான். திருட்டு இல்லை. பெவர்லி வீட்டுக்குப் பின்னாடி பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடை போகுது. யார் கண்டுபிடிச்சது? நான். போய்ப் பார்த்தேன். அதை அவன் செலவுலயே மாத்த வெச்சேன். உங்க நிஜ வக்கீல் பார்த்திருப்பானா?"

ஹெஸ்டர் தன் போனை எடுத்துப் பார்த்தாள். அதிலும் கோடு இல்லை.

"பேங்க்ல சொல்லிட்டீங்களா?" என்றார் கிளைவ் சட்டன். குரல் மாறியிருந்தது.

"சொல்லிட்டோம்."

"எப்போ?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி."

அவர் எலுமிச்சையைத் தட்டில் திரும்ப வைத்தார். அது உருண்டு விழாதபடி கவனமாக வைத்தார்.

"என்னை ஜெயில்ல போடுங்க. வேணாம்னு சொல்லலை. ஆனா அந்தப் பணம் பூட்டிக்கிட்டா மாசக்கணக்குல திறக்காது. விக்கிறவங்களும் வேற வீடு வாங்கறாங்க, அவங்களுக்கும் இன்னிக்குத்தான். காத்திருக்க மாட்டாங்க. ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா அந்தம்மா டீ போட்டிருப்பாங்க."

"நீங்க சொந்தப் பேர்ல இருந்திருந்தா நான் போனே போட்டிருக்க மாட்டேன்," என்றாள் ஹெஸ்டர்.

"சொந்தப் பேர்ல இருந்திருந்தா அவங்க என்கிட்ட வந்திருக்கவே மாட்டாங்க."

இரண்டுமே உண்மை. இரண்டாலும் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

*

படியேறிக் கடற்காற்றுக்கு வந்ததும் இரண்டு போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டன. வராமல் தேங்கியிருந்த செய்திகள் எல்லாம் சேர்ந்து வந்தன.

முதலில் ஜெம்மா. அந்த வக்கீல் ஆபீஸில் இப்போதுதான் பார்த்தார்களாம், பணம் காலையிலேயே வந்துவிட்டதாம், மன்னிப்புக் கேட்டார்களாம், பெவர்லியிடம் சாவி கொடுத்துவிட்டாளாம். அடுத்தது பெவர்லி. சாவியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். 'உங்களை வீணா அலைய வெச்சுட்டேன். டீ குடிக்க வாங்க.' மூன்றாவது மறுபடி ஜெம்மா. இந்தத் தடவை ஒரே வரி. 'உடனே கூப்பிடுங்க.'

ஹெஸ்டர் ஜெம்மாவைக் கூப்பிடவில்லை. பேங்குக்குப் போட்டாள். பாட்டு வந்தது. அவளுடைய அழைப்பு அவர்களுக்கு ரொம்ப முக்கியம் என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். வின்ஸ் காரை ஓட்டினான். கடல் வெகுதூரம் உள்வாங்கிப் போயிருந்தது. சேறு மட்டும் பளபளத்தது. கடைசியில் ஒரு பையன் எடுத்தான்.

"தப்பு நடந்து போச்சு. மோசடி இல்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கறோம்."

"புகார் குடுத்தது நீங்களாம்மா?"

"என் போன்லேருந்துதான் போட்டது."

"வாடிக்கையாளர்தான் பேசணும். அவங்க பேசினாலும் திரும்ப வாங்க முடியாது. பணத்தை அனுப்பினது வக்கீல்தானான்னு விசாரிப்போம். அவர் வக்கீல்தானே?"

ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு பொய். போலீஸில் இருந்தபோது அவள் கண் முன்னால் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

"இல்லை," என்றாள்.

"அப்போ அது மோசடிதான்மா," என்றான் பையன், ஆறுதல் சொல்லுவது போல. "நல்ல வேளை, சீக்கிரமாச் சொன்னீங்க. பணத்தைப் பூட்டியாச்சு."

*

சாண்ட்பைப்பர் சந்து வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. வெயிலில் அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. வாசலில் லாரி. லாரிக்காரன் ஒரு நாற்காலியை இறக்கிப் புல்லில் வைத்திருந்தான்.

பெவர்லி கதவைத் திறந்தாள். முகம் சிவந்து, பத்து வயது குறைந்தாற்போல இருந்தாள்.

"வாங்க கண்ணு வாங்க. பெம்பர்டன் அனுப்பித்தான் இருந்திருக்கார், பாருங்க. நான்தான் அவசரப்பட்டு உங்களைப் பிடிச்சுட்டேன்." அவள் ஒதுங்கி வழிவிட்டாள். "நீங்க முதல்ல போங்க. அவர் மாதிரியே பழகிடுச்சு எனக்கும்."

சமையலறையில் வேறு சாமான் எதுவும் இல்லை. மேடைமேல் கெட்டில், மூன்று கோப்பை. கெட்டில் அப்போதுதான் கொதித்து அணைந்திருந்தது. விற்றவர்கள் ஒரு வாழ்த்து அட்டையும் ஒரு பாக்கெட் பாலும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஹெஸ்டர் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவன் வக்கீல் இல்லை. பணத்தைத் திருடவும் இல்லை. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டிவிட்டார்கள். பூட்டச் சொன்னது நாம்.

பெவர்லி டீத்தூள் பையின் நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். சுற்றி முடித்ததும் அவிழ்த்தாள்.

"அப்போ பணம் அவங்களுக்குப் போகாது."

"போகாது."

"எனக்கும் வராது."

"வரும். எப்போன்னு தெரியாது. முன்பணம் வராது."

வெளியே ஒரு கார் வந்து நின்றது. ஜெம்மா இறங்கினாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். இந்தத் தடவை அவள் முகத்தில் இருந்த சோகம் பயிற்சி கொடுத்து வந்தது இல்லை. அவள் கையை நீட்டவில்லை. ஆனால் எதற்கு வந்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"நீங்க போன் போட்டது சரிதான்," என்றாள் பெவர்லி. "யாரைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாங்க."

திட்டியிருந்தால் ஹெஸ்டர் தாங்கியிருப்பாள்.

"உங்க பீஸ் எவ்வளவு?"

"வேணாம்."

"வேலை செஞ்சீங்களே. ஆளைக் கண்டுபிடிச்சீங்களே." அதில் கிண்டல் இல்லை. அதுதான் கொடுமை.

வின்ஸ் எதையாவது சொல்லுவான் என்று ஹெஸ்டர் அவனைப் பார்த்தாள். அவன் பால் பாக்கெட்டில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தான்.

பெவர்லி கெட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். ஆவி எழும்பி ஜன்னல் கண்ணாடியை மறைத்தது. பிறகு ஒவ்வொரு அறையாகப் போனாள். பின் அறை விளக்கு அணைந்தது. குளியலறை. கூடம். கடைசியாகச் சமையலறை. பட்டப்பகலில் அந்த வீடு இருட்டாகவே இல்லை. விளக்கு இல்லாமலே எல்லாம் நன்றாகத் தெரிந்தது. சுவரில் ஈரம்கூட இல்லை.

கேட்டருகே சாவியை ஜெம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கிவிட்டாள். லாரிக்காரன் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைத் திரும்ப ஏற்றினான். பெவர்லி முன் சீட்டில் ஏறி, இன்னும் சூடு ஆறாத கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் எஞ்சினைக் கிளப்பி, கண்ணாடியைப் பார்த்து, கியர் போட்டான். பிறகு கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"எங்கம்மா போகணும்?"